எல்-பியும் டெஃபினிட்டிவ் ஜக்ஸும்: நல்ல பெயரோடு நடந்த நிறுவனத்தை அவர் ஏன் நிறுத்தினார்?

கேள்வி

வணக்கம். பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்த நியூயார்க் நகரத்து அண்டர்கிரவுண்ட் ராப் இசையைச் சில ஆண்டுகளாகத் தேடிக் கேட்டு வருகிறேன். நான் விரும்பிக் கேட்கும் ஆல்பங்களில் பெரும்பாலானவற்றில், பாடியவராகவோ பீட் (பாட்டின் பின்னணித் தாள இசை) அமைத்தவராகவோ வெளியிட்டவராகவோ ப்ரூக்ளினைச் சேர்ந்த எல்-பியின் பெயர் வந்துவிடுகிறது. இயற்பெயர் ஜேமி மெலின். 1990களில் கம்பெனி ஃப்ளோ என்ற குழுவில் ராப் பாடியவர், 1999இல் அக்குழுவின் மேலாளரான அமேச்சி உசோய்க்வேயுடன் சேர்ந்து டெஃப் ஜக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தங்கள் பெயரை ஒத்திருக்கிறது என்று பெரிய ராப் நிறுவனமான டெஃப் ஜாம் சட்ட நடவடிக்கையில் இறங்கியதால், அது டெஃபினிட்டிவ் ஜக்ஸ் என்று பெயர் மாறியது.

2001, 2002 ஆகிய இரண்டே ஆண்டுகளில் அந்நிறுவனம் வெளியிட்டவற்றைப் பாருங்கள். கேனிபல் ஆக்ஸின் ‘த கோல்ட் வெய்ன்’, ஏசாப் ராக்கின் ‘லேபர் டேஸ்’, ஆர்ஜேடி2வின் ‘டெட்ரிங்கர்’, மிஸ்டர் லிஃபின் ‘ஐ ஃபேன்டம்’, எல்-பியின் சொந்த ஆல்பமான ‘ஃபென்டாஸ்டிக் டேமேஜ்’. இருபது ஆண்டு நடந்த நிறுவனங்களுக்கே இப்படியொரு வரிசை வாய்ப்பது அரிது. அப்படிப்பட்ட நிறுவனத்தை 2010 பிப்ரவரியில் எல்-பியே நிறுத்திவைத்தார். தாம் இனி கலைஞராகவும் தயாரிப்பாளராகவும் மட்டும் இருக்க விரும்புவதாக அப்போது அறிவித்தார்.

இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பெரிய நிறுவனங்களைக் கடுமையாக எதிர்த்துப் பேசிய ஒருவர், தாமே முதலாளி நாற்காலியில் அமர்ந்தபோது மற்றக் கலைஞர்களிடம் எப்படி நடந்துகொண்டார்? நிறுவனம் நின்றதற்கு உண்மையில் எது காரணம்: சீடி விற்பனை சரிந்ததா, அவருக்கு ஏற்பட்ட சலிப்பா, அவருடைய நண்பரும் நிறுவனத்தின் கலைஞருமான கேமு டாவின் மறைவா? எந்த ஆல்பம் சிறந்தது என்ற விவாதத்துக்குள் போகாமல், இசையை விற்கும் தொழில் நடந்த விதத்தை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில் 1

உங்கள் முதல் கேள்விக்கு விடை காண டெஃபினிட்டிவ் ஜக்ஸ் பிறப்பதற்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும். ஏனெனில், எல்-பி தம் கலைஞர்களுக்குக் கொடுத்த ஒப்பந்தம், கம்பெனி ஃப்ளோவாக இருந்தபோது அவரே இன்னொரு நிறுவனத்திடம் பேசி வாங்கிய ஒப்பந்தத்தின் வழியில் வந்தது.

தம் 18ஆவது பிறந்தநாள் விருந்துக்கு இசைத்தட்டு சுழற்ற வந்த மிஸ்டர் லென்னோடு எல்-பிக்கு நட்பு ஏற்பட்டது. பின்னர் பிக் ஜஸ் சேர்ந்துகொள்ள, கம்பெனி ஃப்ளோ மூவர் குழுவானது. ‘ஃபன்கிரஷர்’ என்ற சிறு தொகுப்பை எந்தப் பெரிய நிறுவனத்தின் தயவும் இல்லாமல் வினைல் தட்டாக வெளியிட்டார்கள். அக்காலத்து நியூயார்க்கில் இதற்கென ஒரு வழித்தடம் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் ஸ்ட்ரெட்ச் ஆம்ஸ்ட்ராங்கும் பாபிட்டோவும் நள்ளிரவுக்குப் பின் நடத்திய நிகழ்ச்சியில் ஒரு பாட்டு ஒலித்தால், அதை கேசட்டில் பதிவு செய்துகொண்டவர்கள் ஃபேட் பீட்ஸ் போன்ற கடைகளுக்குப் போய் அந்தத் தட்டு வந்துவிட்டதா என்று கேட்பார்கள். தொலைக்காட்சி விளம்பரமும் பகல் நேர வானொலியும் இல்லாமலேயே சில ஆயிரம் தட்டுகள் விற்றுப்போகும். கடைக்காரரிடமிருந்து வரும் பணத்தில் பெரும்பகுதி, தட்டை அடித்தவர் கைக்கே வந்து சேரும்.

இந்தப் பணவரவைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதால்தான், நிறுவனங்கள் தேடி வந்தபோது அவர்களால் நிதானமாகப் பேரம் பேச முடிந்தது. ராக்கஸ் நிறுவனத்தோடு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இரண்டு அம்சங்கள் முக்கியமானவை. மூல ஒலிப்பதிவின் உரிமை, அதாவது மாஸ்டர், குழுவிடமே இருக்கும். செலவு போக நிற்கும் லாபம் பாதிக்குப் பாதி பிரிக்கப்படும். 1997இல் ‘ஃபன்கிரஷர் பிளஸ்’ வெளிவந்தபோது, தாங்கள் எவருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்ற பொருள்தரும் வாசகத்தைக் கொச்சைச் சொல்லோடு உறையிலேயே அச்சிட்டார்கள். ராக்கஸைத் தொடங்கிய இரு இளைஞர்களான பிரையன் பிரேட்டருக்கும் ஜேரட் மையருக்கும் முதலீட்டுக்குப் பின்புலமாக இருந்தவர் ரூப்பர்ட் முர்டாக்கின் மகன் ஜேம்ஸ் முர்டாக். ஊடக உலகின் ஆகப்பெரிய குடும்பங்களில் ஒன்றின் பணத்தில் வந்த ஆல்பத்தில் அப்படியொரு முழக்கமா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள். என் பார்வையில் அந்த முழக்கத்துக்குப் பொருள் இருந்தது. பணம் எவருடையதாக இருந்தாலும், பாட்டின் உரிமையை எழுதிக் கொடுக்காதவரை தாங்கள் அடிமைப்படவில்லை என்பதே அவர்களின் நிலை.

இதன் அருமை தெரிய, வழக்கமான ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு கணக்கை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு சீடிக்கு விநியோகஸ்தர் 8 டாலர் தருகிறார், 10,000 பிரதிகள் விற்கின்றன, அச்சு, உறை, ஸ்டூடியோ, விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து 30,000 டாலர் செலவாகிறது என்றால், வரவு 80,000, மிச்சம் 50,000. பாதிக்குப் பாதி ஏற்பாட்டில் கலைஞருக்கு 25,000 டாலர் போகும். ராயல்டி ஏற்பாட்டிலோ பிரதிக்கு ஒன்றரை டாலர் என்று வைத்தால் கலைஞரின் பங்கு 15,000 டாலர்தான். அதுவும் அவர் கைக்கு வராது. முன்பணத்தையும் ஸ்டூடியோச் செலவையும் அவருடைய பங்கிலிருந்தே கழித்துக்கொள்வார்கள் என்பதால், நிறுவனம் லாபம் பார்த்த பிறகும் கலைஞரின் கணக்கு கடனில் நிற்கும். கடன் முழுதும் தீர்ந்தாலும் மாஸ்டர் நிறுவனத்திடமே இருக்கும். மாதத் தவணை கட்டி முடித்த பிறகும் வீட்டுப் பத்திரம் வங்கியிலேயே தங்கிவிடுவதைப் போன்ற நிலை இது.

எல்-பி தம் நிறுவனத்தில் இந்த லாபப் பங்கு முறையைத்தான் பின்பற்றினார். பிற்பாடு ராக்கஸோடு அவருக்கு மனக்கசப்பு முற்றி, 2002இல் வந்த தம் ஆல்பத்தில் அந்நிறுவனத்தைப் பெயர் சொல்லியே தாக்கினார். ராக்கஸ் எம்சிஏ, கெஃபன் என்று பெரிய நிறுவனங்களின் கைக்கு மாறிக் கடைசியில் மங்கிப்போனது. ஆனால் ‘ஃபன்கிரஷர் பிளஸ்’ அதனோடு சேர்ந்து முடங்கவில்லை. 2009இல் டெஃபினிட்டிவ் ஜக்ஸே அதை மறுவெளியீடு செய்தது. 1997இல் மாஸ்டரை விட்டுக்கொடுக்காமல் போட்ட கையெழுத்து, பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பயன் தந்தது.

இம்முறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அலுவலக வாடகையும் ஊழியர் சம்பளமும் நிறுவனத்தின் பாதியிலிருந்தே போக வேண்டும். ஓர் ஆல்பம் நன்றாக ஓடினால் அதைக் கொண்டு நான்கு தோல்விகளை ஈடுகட்டும் வசதி பெரிய நிறுவனத்துக்கு உண்டு, இவர்களுக்குக் குறைவு. விற்பனை வளர்ந்துகொண்டிருக்கும்வரை இந்தச் சுமை தெரியாது.

பதில் 2

ஒப்பந்தத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதை ஏற்கிறேன். ஆனால், நியாயமான ஒப்பந்தம் மட்டுமே ஒரு நிறுவனத்தைக் கேட்கத்தக்கதாக ஆக்கிவிடாது என்பதையும் சொல்ல விரும்புகிறேன். டெஃபினிட்டிவ் ஜக்ஸின் உண்மையான மூலதனம் எல்-பியின் உழைப்பு. அது தீர்ந்துபோனதுதான் நிறுவனத்தின் கதை என்று நான் கருதுகிறேன்.

‘த கோல்ட் வெய்ன்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ஹார்லெமைச் சேர்ந்த வாஸ்ட் ஏர், வோர்டுல் மெகா என்ற இருவர் பாடியது. முழு ஆல்பத்துக்கும் பீட் அமைத்தவர் எல்-பி. அதன் முதல் பாட்டான ‘அயர்ன் கேலக்ஸி’ தொடங்கும்போதே தாளம் கனத்து மெதுவாக நடக்கிறது. அதன்மேல் சின்தசைசரின் ஒலி, குளிர்காலத்து விடியலில் வெறிச்சோடிய தெருவில் நிற்கும் உணர்வைத் தருகிறது. பாடும் இருவரும் பதற்றமின்றித் தம் நகரத்தின் பசியையும் குளிரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கடைசிப் பகுதியில் வரும் ‘பிஜன்’ பாட்டில், நடைபாதையில் பொறுக்கித் தின்னும் புறா அந்நகரத்து ஏழையின் உருவமாகிறது. பாடகர்களின் சொல்லும் தயாரிப்பாளரின் ஒலியும் இப்படி ஒன்றோடொன்று பிணைவதற்கு மாதக்கணக்கில் உடனிருந்து வேலை செய்தாக வேண்டும். ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் தம் திறமையின் உச்சத்தில் இருந்தபோது தம்மிடமிருந்த மிகச் சிறந்த பீட்டுகளைத் தம் கலைஞர்களுக்குக் கொடுத்தார் என்பதை இந்த ஒரே ஆல்பம் காட்டிவிடும்.

அவரிடம் சொல்வதற்குச் சரக்கு இல்லாமல் போய் மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. ‘ஃபன்கிரஷர் பிளஸ்’ ஆல்பத்தில் ‘லாஸ்ட் குட் ஸ்லீப்’ என்ற பாட்டு இருக்கிறது. தம் தாய் மாற்றாந்தந்தையின் கையில் பட்ட வன்முறையை, சிறுவனாகப் படுக்கையில் கிடந்து கேட்ட ஒருவரின் குரலில் அது சொல்கிறது. ஐந்து ஆண்டு கழித்து ‘ஃபென்டாஸ்டிக் டேமேஜ்’ ஆல்பத்தில் அதே காயத்துக்கு வேறொரு வழியில் திரும்பினார். ‘ஸ்டெப்ஃபாதர் ஃபேக்டரி’ பாட்டில் அவர் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியாக நின்று, தந்தையில்லா வீடுகளுக்காக இயந்திரத் தகப்பன்களைத் தயாரித்து விற்கும் திட்டத்தை வணிக மொழியில் விவரிக்கிறார். அந்த இயந்திரங்களுக்கு எரிபொருள் மது. பாட்டு முடியும் இடத்தில், உன்னை நான் அடிக்கும்படி செய்வது நீதான், உன்மேல் எனக்கு அன்பு உண்டு என்ற கருத்தை ஓர் இயந்திரக் குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சொந்த வீட்டில் நடந்த கொடுமையை ஒரு சந்தைப்பொருளின் விளம்பரமாக்கி, அதே மூச்சில் நிறுவனங்களின் பேச்சையும் அம்பலப்படுத்திய பாட்டு அது. அமெரிக்க ராப்பில் எனக்குத் தெரிந்த மிகத் துணிச்சலான எழுத்துகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவு எழுதக்கூடியவர் எத்தனை ஆல்பம் போட்டார் என்று பாருங்கள். ‘ஃபன்கிரஷர் பிளஸ்’ 1997. அதன்பின் கம்பெனி ஃப்ளோ பெயரில் பாட்டில்லாத இசைத்தொகுப்பு ஒன்று 1999இல் வந்தது. பெயர் சொல்லும்படியான தனி ஆல்பங்கள் 2002, 2007, 2012 ஆகிய ஆண்டுகளில், ஐந்தாண்டுக்கு ஒன்றாக வந்தன. இடையில் 2004இல் ஜாஸ் கலைஞர்களோடு சேர்ந்து செய்த ‘ஹை வாட்டர்’ வந்தது. ஜாஸ் பியானோ கலைஞரான அவருடைய தந்தை ஹாரி கீஸ் அதில் ஒரு பாட்டைப் பாடியிருக்கிறார். நிறுவனத்தை விட்ட பிறகு ராப் பாடகர் கில்லர் மைக்கோடு ரன் த ஜூவல்ஸ் என்ற குழுவாகச் சேர்ந்து 2013, 2014, 2016, 2020 என்று நான்கு ஆல்பங்கள் வந்துவிட்டன. நிர்வாகப் பொறுப்பு ஒரு கலைஞரின் ஆண்டுகளை எவ்வளவு விழுங்கும் என்பதற்கு இந்த ஆண்டுக் கணக்கைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. உங்கள் இரண்டாம் கேள்விக்கு நான் சொல்லும் விடையும் இதுதான்.

பதில் 3

மேலே உள்ள நண்பர் கூறிய உழைப்புக் காரணத்தை மறுக்கவில்லை. எனினும் அது முழுக் காரணமாகாது. எல்-பி ஓய்வில்லாமல் உழைத்த அதே ஆண்டுகளில் அவர் காலடியில் இருந்த தரை சரிந்துகொண்டிருந்தது.

நிறுவனம் தொடங்கிய 1999ஆம் ஆண்டே, இணையத்தில் பாட்டுகளை இலவசமாகப் பகிர வழிசெய்த நாப்ஸ்டர் தொடங்கிய ஆண்டு. அமெரிக்க இசைப்பதிவு விற்பனை அவ்வாண்டில்தான் உச்சம் தொட்டது. அடுத்த பத்தாண்டில் அது ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் ஆட்குறைப்பு செய்தும் ஒன்றோடொன்று இணைந்தும் தாக்குப்பிடித்தன. சிறு நிறுவனங்களுக்கு அடி வேறு வழியில் விழுந்தது. கடைகளுக்குப் போன சீடிகள் விற்காவிட்டால் திரும்பி வரும். திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டிக்கும் விநியோகஸ்தர் அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார். கடை மூடப்பட்டால் நிலுவை அப்படியே போய்விடும். பெரிய இசைக்கடைத் தொடரான டவர் ரெக்கார்ட்ஸ் 2006இல் திவாலாகி மூடப்பட்டது. முதல் பதிலில் சொல்லப்பட்ட ஃபேட் பீட்ஸின் நியூயார்க் கடை 2010 செப்டம்பரில், டெஃபினிட்டிவ் ஜக்ஸ் நின்ற அதே ஆண்டில், கதவடைத்தது. நள்ளிரவு வானொலி, கடையின் கவுண்டர், வினைல் தட்டு என்று கம்பெனி ஃப்ளோவை உருவாக்கிய பாதை முழுவதும் மறைந்துபோயிற்று. லாபத்தைப் பாதிக்குப் பாதி பிரிக்கும் ஒப்பந்தம், லாபம் இருக்கும்வரைதான் இருவருக்கும் சோறு போடும்.

கலைஞர்கள் வெளியேறியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆர்ஜேடி2 எக்ஸ்எல் நிறுவனத்துக்குப் போய் 2007இல் ஆல்பம் வெளியிட்டார். ராப் பாடகர் மர்ஸின் 2008ஆம் ஆண்டு ஆல்பம் வார்னரிலிருந்து வந்தது. கேனிபல் ஆக்ஸின் இரண்டாம் ஆல்பம் 2015இல்தான் வந்தது. அதில் எல்-பியின் பங்களிப்பு இல்லை. இவர்கள் எவரையும் குறை சொல்ல இடமில்லை. கட்டிப்போடாத ஒப்பந்தம் வேண்டும் என்று நாமே விரும்புகிறோம். கட்டிப்போடாத ஒப்பந்தத்தில் கலைஞர் போகத்தான் செய்வார். ஆனால் தொடக்க ஆண்டுகளின் நட்டத்தைத் தாங்கி ஒரு பெயரை வளர்த்துவிட்ட சிறு நிறுவனத்துக்கு, அந்தப் பெயர் நன்றாக விற்கத் தொடங்கும் வேளையில் அது கையைவிட்டுப் போவது பெரிய இழப்பு.

இதே காலத்தில் இதே வகை இசையை வெளியிட்ட இன்னொரு நிறுவனம் தாக்குப்பிடித்ததைப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். மினியாபொலிஸ் நகரத்தில் 1995இல் தொடங்கிய ரைம்சேயர்ஸ், அட்மாஸ்ஃபியர் குழுவின் ஸ்லக்கும் ஆன்ட்டும் நண்பர்களோடு சேர்ந்து நிறுவியது. ஸ்லக் ஊர் ஊராகப் பாடப் போனபோது அலுவலகத்தில் அமர்ந்து கணக்கையும் வெளியீடுகளையும் பார்த்துக்கொள்ள சித்திக் என்று அழைக்கப்படும் பிரென்ட் சேயர்ஸ் இருந்தார். சொந்தமாக இசைத்தட்டுக் கடை வைத்தார்கள். 2008 முதல் சவுண்ட்செட் என்ற பெயரில் ஆண்டுதோறும் பெரிய இசைவிழாவும் நடத்தினார்கள். சீடி விற்பனை குறைந்தபோது மேடையும் விழாவும் கைகொடுத்தன. மினியாபொலிஸில் வாடகையும் ஆட்கூலியும் நியூயார்க் அளவுக்குக் கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. டெஃபினிட்டிவ் ஜக்ஸிலும் உசோய்க்வே வணிகப் பக்கத்தைக் கவனித்தார்தான். ஆனால் எதை வெளியிடுவது, எப்படி ஒலிக்க வேண்டும் என்ற முடிவுகளெல்லாம் எல்-பியின் காதுக்கு வந்தே தீர வேண்டியிருந்தது. 2010க்குப் பிறகு வந்த ஏசாப் ராக்கின் ‘ஸ்கெலத்தன்’ ஆல்பத்தை 2012இல் வெளியிட்டது ரைம்சேயர்ஸ்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதில் 4

கேமு டாவைப் பற்றிக் கேள்வியில் ஒரு வரி வந்தது. பதில்களில் அவர் விடுபட்டுவிட்டார். ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்திலிருந்து வந்தவர், பாடகராகவும் தயாரிப்பாளராகவும் நிறுவனத்தின் பல வெளியீடுகளில் உழைத்தவர், எல்-பிக்கு மிக நெருங்கிய நண்பர். நுரையீரல் புற்றுநோயால் 2008 மே மாதத்தில் இறந்தார். அவர் முடிக்காமல் விட்டுப்போன ‘கிங் ஆஃப் ஹார்ட்ஸ்’ ஆல்பம் 2010இல் வெளிவந்தது. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்த மனமில்லை என்று அறிவித்த அதே ஆண்டில், அந்த ஆல்பத்தைக் கேட்பவர்களிடம் சேர்க்காமல் எல்-பி விடவில்லை. 2012இல் வந்த ‘கேன்சர் ஃபார் க்யூர்’ ஆல்பத்தையும் கேமு டாவின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். சந்தைக் கணக்கு எதுவாக இருந்தாலும், நண்பர்கள் சேர்ந்து நடத்திய இடத்தில் ஒரு நண்பர் இல்லாமல் போன பிறகு காலையில் அலுவலகத்துக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. சந்தை, உழைப்பு, இழப்பு என்ற மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பது புரிகிறது. இன்னும் ஒன்றை மட்டும் விளக்க வேண்டுகிறேன். எல்-பியும் கில்லர் மைக்கும் ரன் த ஜூவல்ஸ் குழுவின் ஆல்பங்களை இலவசமாகவே கொடுத்தார்கள். மாஸ்டர் உரிமைக்காக அவ்வளவு போராடிய ஒருவர், அந்த மாஸ்டரிலிருந்து வரும் பாட்டை விலையில்லாமல் கொடுப்பது முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றுகிறது. அதில் வருமானம் எங்கிருந்து வந்தது?

பதில் 1

முரண் இல்லை என்றே நினைக்கிறேன். உரிமை தம்மிடம் இருப்பவர்தான் ஒரு பொருளை இலவசமாகக் கொடுக்கவும் முடியும். ராயல்டிக்காகக் கையெழுத்துப் போட்ட கலைஞர் தம் பாட்டைத் தம் இணையதளத்தில் வைக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

நடந்தது இதுதான். நிறுவனத்தை நிறுத்திய பிறகு, அடல்ட் ஸ்விம் தொலைக்காட்சியில் பணியாற்றிய ஜேசன் டிமார்கோ, அட்லான்டாவின் கில்லர் மைக்கை எல்-பிக்கு அறிமுகம் செய்துவைத்தார். மைக்கின் ‘ராப் மியூசிக்’ ஆல்பம் முழுவதையும் எல்-பி தயாரித்தார். அதுவும் எல்-பியின் ‘கேன்சர் ஃபார் க்யூர்’ ஆல்பமும் 2012 மே மாதத்தில் ஒரு வார இடைவெளியில் வந்தன. அடுத்த ஆண்டு ஜூனில் இருவரும் ரன் த ஜூவல்ஸ் என்ற பெயரில் தம் முதல் ஆல்பத்தை ஃபூல்ஸ் கோல்டு வழியாக இலவசப் பதிவிறக்கமாக வெளியிட்டார்கள். இருவருக்கும் அப்போது 38 வயது. ராப் உலகத்தில் அந்த வயதில் பெரும்பாலோருக்குச் சந்தை முடிந்துவிட்டதாகச் சொல்லிவிடுவார்கள்.

பாட்டுக்குப் பணம் கேட்கவில்லை. மின்னஞ்சல் முகவரியை மட்டும் கேட்டார்கள். 1990களில் கடைக்காரருக்கு மட்டுமே தெரிந்திருந்த வாடிக்கையாளர் இப்போது குழுவுக்கே நேராகத் தெரிந்தவர் ஆனார். எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள், அந்த ஊரில் எவ்வளவு பெரிய அரங்கை எடுக்கலாம், வினைல் எத்தனை அடிக்கலாம் என்பதையெல்லாம் இதை வைத்துத் தீர்மானிக்க முடியும். வருமானம் மேடையிலிருந்தும், வினைல் தட்டிலிருந்தும், சட்டை, சுவரொட்டி போன்ற பொருள்களிலிருந்தும் வந்தது. ஒரு கை துப்பாக்கி போலவும் மறு கை மூடிய முஷ்டியாகவும் நிற்கும் அவர்களின் சின்னம் மார்வல் நிறுவனத்தின் காமிக்ஸ் அட்டைகள் வரை போனது. ஒரு முறை இசையைக் காசாக்கியிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைவிட, அந்த இசையைக் கேட்டவர் பல ஆண்டுகள் அரங்குக்கு வருவது மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சீடியை விற்பதற்காக விளம்பரம் போல நடந்த இசைநிகழ்ச்சியே இப்போது விற்பனைக்குரிய பொருளாயிற்று. பாட்டு அதற்கு அழைப்பாயிற்று.

ஒவ்வோர் ஆல்பத்துக்கும் வேறு வேறு நிறுவனத்தோடு கைகோத்ததையும் கவனியுங்கள். முதலாவது ஃபூல்ஸ் கோல்டு, இரண்டாவது மாஸ் அப்பீல், 2016 டிசம்பர் 24 அன்று, அறிவித்த நாளுக்கு முன்பே வெளிவந்த மூன்றாவது, அவர்களின் சொந்தப் பெயரிலான நிறுவனம். நான்காவது ஆல்பம் பிஎம்ஜியின் துணையோடு வந்தது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்கள் அமெரிக்க நகரங்களில் எழுந்த 2020 ஜூன் 3 அன்று, குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே இணையத்தில் வைத்துவிட்டார்கள். விரும்பியவர்கள் பணம் செலுத்தலாம், அது கைதான போராட்டக்காரர்களுக்குச் சட்ட உதவி செய்யும் நேஷனல் லாயர்ஸ் கில்டின் குழுவுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். நான்கு அடுக்கு அதிகாரிகளின் ஒப்புதல் பெற வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் அந்த வாரத்தில் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது.

கலைஞராகவும் முதலாளியாகவும் ஒருவரே இருக்க முடியுமா என்ற ஐயத்துக்கு என் விடை, எத்தனை பேருக்கு முதலாளி என்பதைப் பொறுத்தது என்பதுதான். பத்துப் பதினைந்து கலைஞர்களின் வாழ்வாதாரத்தைச் சுமந்துகொண்டு எழுதவும் வேண்டியிருந்தது அவரால் முடியாமல் போயிற்று. தம் குழுவின் பாட்டுகளுக்கு மட்டும் உரிமையாளராக இருப்பது அவருக்கு இயல்பாக வந்தது. நிறுவனம் இல்லாமல் போனாலும் அதன் பழைய ஆல்பங்கள் முற்றாக மறையவில்லை. நெடுநாள் கிடைக்காமலிருந்த ‘ஃபென்டாஸ்டிக் டேமேஜ்’, ‘ஐல் ஸ்லீப் வென் யூ ஆர் டெட்’ இரண்டையும் ஃபேட் பாசம் நிறுவனம் 2020இல் மறுபதிப்பாக வெளியிட்டது. வினைலில் வாங்க நினைப்பவர்கள் பழைய பிரதிக்குப் பெரும் விலை கொடுப்பதற்கு முன் அந்தப் பதிப்பைத் தேடிப் பாருங்கள்.